இலினாய்ஸ் தென்முனை கேரோ: ரெண்டு பெரிய ஆறு கூடுற இடம், ஊர் ஏன் இப்படி வெறிச்சோடிக் கிடக்கு?

ஆத்தோரத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்க மட்டும் வந்துட்டு இருந்தேன், இதுதான் நான் ஆரம்பிக்கிற முதல் இழை. போன வாரம் சிகாகோல இருந்து மெம்ஃபிஸுக்கு கார்ல போனோம், இன்டர்ஸ்டேட் 57 பிடிச்சு நேரா தெக்க. இலினாய்ஸ் முடியுற கடைசி எக்ஸிட் கிட்ட வரும்போது மேப்ல பார்த்தா மிசிசிப்பியும் ஒஹாயோவும் சேர்ற இடத்துல மூக்கு மாதிரி ஒரு முனை, அதுல கேரோன்னு ஒரு ஊர். நான் பவானிக்காரன், கூடுதுறைல குளிச்சு வளர்ந்தவன், ஆறு கூடுற இடம்னா சும்மா தாண்டிப் போக மனசு வராது, வண்டியத் திருப்பிட்டேன்.

ஊருக்குள்ள போற ரோடே ரயில் பாதைக்கு அடியில புகுந்து போகுது, அதுக்கு மேல தூக்கி நிறுத்தி வச்ச ஒரு பிரம்மாண்டமான இரும்புக் கதவு. உள்ள போனா அகலமான தெருக்கள், பெரிய பெரிய மாளிகைங்க, மேக்னோலியா மரங்க, அழகான ஒரு பழைய நூலகம். அதைத் தாண்டி கமர்ஷியல் அவென்யூன்னு கடைத்தெரு. அங்க கடையே இல்ல. கட்டடம் இடிஞ்சு புல் முளைச்ச காலி மனைங்க, நடுவுல தனியா நிக்கிற ஒரு சுவர், அதுல மங்கிப்போன விளம்பரம். ஒரு மத்தியான நேரத்துல பத்து பேரைக்கூட நான் பார்க்கல.

முனைக்குப் போய் நின்னப்போ அப்படி ஒரு காட்சி, ஒரு பக்கம் பழுப்புத் தண்ணி, இன்னொரு பக்கம் பச்சை கலந்த தண்ணி, சேர்ந்த பிறகும் ரொம்ப தூரம் ஒட்டாமலே போகுது. இப்படி ஒரு இடத்துல இருக்குற ஊர் நியாயமா பெரிய நகரமா இருக்கணுமே, என்னதான் ஆச்சு? வெள்ளம் வந்து அழிச்சிடுச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கார்பன்டேல் குமார்:

வாங்க அண்ணே, நல்ல கேள்வி. நான் கார்பன்டேல்ல படிச்சவன், அங்கிருந்து கேரோ ஒரு மணி நேரம்தான், நிறைய தடவை போயிருக்கேன். இங்கிலீஷ்ல எழுதும்போது எகிப்துல இருக்கிற கெய்ரோவுக்கு உள்ள அதே எழுத்துதான், ஆனா ஊர்க்காரங்க கேரோன்னுதான் சொல்வாங்க, கெய்ரோன்னு சொன்னா வெளியூர்னு உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

எகிப்து பேர் எப்படி வந்துச்சுன்னா, 1818-ல பால்டிமோர்ல இருந்து வந்த ஜான் கோமெகிஸ்ங்கிற வியாபாரி இங்க ஒரு நகரமும் ஒரு பேங்க்கும் அமைக்க அனுமதி வாங்கினார். பெரிய ஆறு, வருஷா வருஷம் வண்டல் கொண்டுவர வெள்ளம், நைல் டெல்டா மாதிரியே இருக்குன்னு அவருக்குத் தோணி கெய்ரோன்னு பேர் வச்சார். கொஞ்ச நாள்ல அவர் இறந்துபோனார், திட்டமும் அப்படியே நின்னுபோச்சு. ஆனா பேர் ஒட்டிக்கிச்சு. பக்கத்துல தீப்ஸ், கர்னாக்னு எல்லாம் ஊர் இருக்கு, தெற்கு இலினாய்ஸ் முழுசுக்குமே குட்டி எகிப்துன்னு செல்லப்பேர். 1830-31 குளிர்காலத்துல வடக்குல பயங்கர பனி கொட்டி விளைச்சல் பாழாகி, சனங்க தெக்க வந்து சோளம் வாங்கிட்டுப் போனாங்களாம், பைபிள்ல யாக்கோபோட பிள்ளைங்க தானியம் தேடி எகிப்துக்குப் போன மாதிரின்னு ஒரு கதை சொல்வாங்க. எங்க யுனிவர்சிட்டி டீமுக்கு சலூக்கின்னு எகிப்து வேட்டை நாய் பேர் வச்சதும் இந்த ஒட்டுதல்லதான்.

இன்னொண்ணு கவனிங்க, கேரோ இலினாய்ஸ்ல இருந்தாலும் சிகாகோல இருந்து 370 மைல் பக்கம். வர்ஜீனியாவோட ரிச்மண்டை விடவும் தெக்க இருக்கு. மண்ணு, மரம், பேச்சு எல்லாமே தென்மாநில வாசனைதான். பக்கத்துல ஹார்ஸ்ஷூ ஏரின்னு ஒண்ணு இருக்கு, அதுல தண்ணிக்குள்ளயே நிக்கிற சைப்ரஸ் மரங்கள், லூசியானாவுல நிக்கிற மாதிரியே இருக்கும். இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டா ஊரோட மத்த கதையும் புரியும், வரைபடத்துல வடக்கு மாநிலம், நடைமுறையில தெற்கு.

அணைக்கட்டு:

நான் சிவில் இன்ஜினியர், கரை வேலைலதான் பல வருஷமா இருக்கேன், அதனால தண்ணி சமாச்சாரத்தை மட்டும் நான் சொல்றேன்.

முதல்ல ஆத்தோரத்தான் கேட்டதுக்கு நேரா பதில். இல்லைங்க, வெள்ளம் இந்த ஊரை அழிக்கல. 1937-ல அழிக்கல, 2011-லயும் அழிக்கல. பக்கத்துல எத்தனையோ ஊரு மூழ்கினப்பவும் இந்த ஊர் கரை பிடிச்சு நின்னுச்சு.

ஊர் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஆறு, தரை ரொம்பத் தாழ்வு, இலினாய்ஸ் மாநிலத்துலயே ரொம்பத் தாழ்வான இடம் இந்த முனைதான், கடல் மட்டத்துல இருந்து 280 அடி பக்கம்தான். நிறைய பேர் மிசிசிப்பிதான் பெருசு, ஒஹாயோ அதுல வந்து விழுற துணை ஆறுன்னு நினைக்கிறாங்க, உண்மையில சேர்ற இடத்துல அதிகத் தண்ணி கொண்டுவரது ஒஹாயோதான். பிட்ஸ்பர்க்ல ஆரம்பிச்சு 981 மைல் ஓடி, கடைசில கம்பர்லேண்டையும் டென்னசி ஆத்தையும் வாங்கிக்கிட்டு இங்க வருது. மிசிசிப்பி பழுப்பா இருக்குறதுக்கு காரணம் செயின்ட் லூயிஸ் பக்கத்துல வந்து சேர்ற மிசௌரி ஆறு, சமவெளி மண்ணை எல்லாம் அதுதான் அள்ளிட்டு வருது. நீங்க பார்த்த ரெண்டு நிறம் அதுதான்.

இப்படி ஒரு இடத்துல ஊர் கட்டணும்னா சுத்தி மதில் எழுப்பியே ஆகணும். கேரோ முழுக்க கரையும் கான்கிரீட் சுவரும் சேர்ந்த ஒரு வளையத்துக்குள்ள இருக்கு, ஆத்துக் கேஜ்ல, அதாவது நீர்மட்டம் அளக்குற அளவுகோல்ல, 64 அடி வரைக்கும் தாங்குற அளவு. நீங்க பார்த்த இரும்புக் கதவு 1914-ல வச்சது, 80 டன் எடை. வெள்ளம் வந்தா அதை இறக்கி ரோட்டை அடைச்சிடுவாங்க, அப்போ ஊரே ஒரு தட்டு மாதிரி, சுத்தி விளிம்பு, நடுவுல சனங்க.

தட்டுல ஒரு சிக்கல் இருக்கு. ஆறு ரொம்ப நாள் உசந்து நின்னா கரைக்கு அடியில மணல் வழியா தண்ணி ஊறி ஊருக்குள்ள வரும், மேல ஒரு சொட்டு தாண்டாது, ஆனா அடியில இருந்து வரும். அந்தக் காலத்துல இருந்தே கேரோவுக்கு இந்த ஊறல் தண்ணிதான் தீராத தலைவலி. 2011-லயும் தெருவுல தரையில இருந்து மணலோட தண்ணி கொப்புளிச்சுது, கரை வேலை பார்க்கிறவனுக்கு அதைப் பார்த்தா வயித்தைக் கலக்கும், ஏன்னா அடியில மண்ணு அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

மெம்ஃபிஸ் மீனாட்சி:

அணைக்கட்டு சார், 2011 கதையை பாதியில விட்டுட்டீங்களே, மிசௌரி பக்கம் கரையை வெடி வச்சு உடைச்சதையும் சொல்லுங்க. அப்புறம் நான் வேற ஒரு விஷயம் சொல்லணும்.

அணைக்கட்டு:

சொல்றேன் மேடம். 1927 பெருவெள்ளத்துக்கு அப்புறம் 1928-ல வெள்ளத் தடுப்பு சட்டம் ஒண்ணு வந்துச்சு. கேரோவுக்கு எதிர்க்கரையில மிசௌரில பேர்ட்ஸ் பாயின்ட்ல இருந்து நியூ மாட்ரிட் வரைக்கும் 1,30,000 ஏக்கர் விவசாய நிலத்தை, தேவைப்பட்டா வெள்ளத்தைத் திறந்துவிடுற வடிகாலா குறிச்சு வச்சாங்க. தண்ணி விடுறதுக்கான உரிமையை அரசாங்கம் நில உரிமையாளர்கள்கிட்ட காசு கொடுத்து வாங்கிடுச்சு.

முதல் தடவை 1937 ஜனவரில திறந்தாங்க. அந்த வருஷம் கேரோ கேஜ் 59.5 அடி தொட்டுச்சு, கரை மேல பலகை அடிச்சு மண்மூட்டை அடுக்கித்தான் காப்பாத்தினாங்க. அதுக்கப்புறம் 74 வருஷம் தொடவே இல்ல. 2011 மே 2-ஆம் தேதி கேஜ் 61.72 அடி, இது வரைக்கும் அதுதான் உச்சம். ஊரைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மிசௌரி அரசாங்கம் கோர்ட்டுக்குப் போச்சு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் தடை கிடைக்கல. ராணுவப் பொறியாளர் படையோட மேஜர் ஜெனரல் மைக்கேல் வால்ஷ் உத்தரவு போட்டார், கரைக்குள்ள பதிச்சிருந்த குழாய்ல திரவ வெடிமருந்தை நிரப்பி அன்னிக்கு ராத்திரி பத்து மணி வாக்குல வெடிச்சாங்க. மறுநாளே கேரோல தண்ணி இறங்க ஆரம்பிச்சுடுச்சு.

தொழில்ரீதியா எனக்கு அதுல சந்தேகமே இல்ல, அது சரியான முடிவு. கேரோவுக்காக மட்டும் செஞ்சதும் இல்ல, அந்தக் கரை அமைப்பு முழுசுக்குமே அழுத்தம் அவ்வளவு இருந்துச்சு.

மெம்ஃபிஸ் மீனாட்சி:

நன்றி சார். முடிவு சரின்னே வச்சுக்குவோம். ஆனா அந்த வடிகால் நிலத்துக்குள்ள பின்ஹூக்னு ஒரு கிராமம் இருந்துச்சு. கருப்பின விவசாயிகள் 1940-கள்ல வந்து காடு வெட்டித் திருத்தி உண்டாக்கின ஊர். வேற நல்ல இடத்துல அவங்களுக்கு நிலம் விற்க யாரும் தயாரா இல்லாததால வெள்ளம் திறந்துவிடுற பூமியிலதான் வாங்க முடிஞ்சுது. 2011-ல அந்த ஊர் மொத்தமா போயிடுச்சு. சனங்க தாங்களாவே சாமான்களை ஏத்திக்கிட்டு வெளியேறினாங்க, அப்புறம் புது வீடு கிடைக்கறதுக்கு வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. கேரோ கதை பேசும்போது பின்ஹூக் பேர் வராம போனா எனக்கு மனசு ஆறாது, அதான் கேட்டேன்.

இப்ப ஊர் ஏன் காலியாச்சுங்கிற கேள்விக்கு வரேன். நான் இந்தப் பகுதி வரலாறு நாலஞ்சு வருஷமா தேடித்தேடிப் படிக்கிறேன். தண்ணி மேல பழி போடாதீங்க. சுவருக்கு வெளிய இருந்த தண்ணியை அவங்க நல்லாவே தடுத்தாங்க, சுவருக்கு உள்ள நடந்ததுதான் ஊரைத் தின்னுடுச்சு.

உள்நாட்டுப் போர்ல இருந்து ஆரம்பிக்கணும். 1861 செப்டம்பர்ல வடக்குப் படைத் தளபதி யுலிஸஸ் கிராண்ட் இங்க வந்து தலைமையகம் போட்டார், அந்த முனையில டிஃபையன்ஸ்னு கோட்டை. பக்கத்துல மவுண்ட் சிட்டில இரும்புக் கவசம் போட்ட பீரங்கிப் படகுகள் கட்டினாங்க. 1862 பிப்ரவரில தென்மாநிலப் படை வச்சிருந்த ஹென்றி கோட்டை, டொனல்சன் கோட்டை ரெண்டையும் பிடிக்கப் படை கிளம்பினது இங்கிருந்துதான். 1860-ல ரெண்டாயிரத்து சொச்சம் பேர் இருந்த ஊர்ல படையும் வியாபாரமும் வந்து குவிஞ்சுது. தெக்க இருந்து தப்பிச்சு வந்த அடிமை சனங்களும் ஆயிரக்கணக்குல வந்தாங்க, அவங்களுக்கு இங்க முகாம் போட்டாங்க. கருப்பினத்தவங்க இலினாய்ஸ்ல குடியேறவே கூடாதுன்னு 1853-ல சட்டம் போட்டிருந்த மாநிலம் இது. அவங்கள்ல பலர் இங்கயே தங்கிட்டாங்க, ஆத்துத் துறையில சுமை தூக்கினாங்க, மில்லுல வேலை பார்த்தாங்க, சர்ச் கட்டினாங்க, பள்ளிக்கூடம் நடத்தினாங்க. ஊர் வளர்ந்ததுல பாதி அவங்க உழைப்பு.

பதிலுக்கு என்ன கிடைச்சுது? 1909 நவம்பர் 11, வில் ஜேம்ஸ்னு ஒரு கருப்பினத் தொழிலாளி, ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைக் கொன்னதா சந்தேகத்துல பிடிச்சாங்க, விசாரணையே நடக்கல. ஷெரிஃப் கையில இருந்து கூட்டம் பறிச்சுக்கிட்டு வந்து, ஊர் நடுவுல விளக்கு அலங்காரம் பண்ணி வச்சிருந்த வளைவுல தூக்குப் போட்டு, கயிறு அறுந்ததும் சுட்டு, அப்புறம் எரிச்சாங்க. ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அதே ராத்திரி ஜெயில்ல இருந்த ஒரு வெள்ளைக்காரரையும் இழுத்து வந்து கொன்னாங்க.

அப்போ கும்பல் கொலைகளை எதிர்த்துப் போராடின கருப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் சிகாகோல இருந்து தனியா கேரோவுக்கு வந்தாங்க. கைதியைக் கும்பல்கிட்ட விட்ட ஷெரிஃப் பதவி இழக்கணும்னு 1905-ல இலினாய்ஸ்ல சட்டம் இருந்துச்சு, அதன்படி அந்த ஆளு பதவி போச்சு, ஆனா திரும்பக் கொடுங்கன்னு மனு போட்டான், ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாம் அவனுக்கு ஆதரவு. ஐடா ஊர்ல வீடு வீடா போய் விவரம் சேகரிச்சு, ஸ்ப்ரிங்ஃபீல்டுல கவர்னர் டெனீன் முன்னாடி நின்னு தனி ஆளா வாதாடினாங்க. கவர்னர் ஷெரிஃபுக்குப் பதவியைத் திருப்பித் தரல. இந்த ஊர் வரலாறுல நான் தலைவணங்குற ஒரு இடம்னா அதுதான்.

சரக்கு ரவி:

மீனாட்சி அக்கா, நீங்க சொல்றதை மறுக்கல, ஆனா ஒரே காரணமா அதை வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. நான் லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கேன், இதை சரக்கு போற வழியா பாருங்க.

கேரோ ஏன் வளர்ந்துச்சு? ஏன்னா இங்க எல்லாமே நின்னு மாறணும். 1837-ல டேரியஸ் ஹோல்ப்ரூக்ங்கிறவர் கம்பெனி ஆரம்பிச்சு லண்டன்ல எல்லாம் பத்திரம் வித்தார், அது 1840-லயே கவுந்துபோச்சு. 1842-ல சார்லஸ் டிக்கன்ஸ் கப்பல்ல வந்தப்ப பாதி கட்டி அழுகிப்போன வீடும் சதுப்பு நிலமும்தான் இருந்துச்சு, பார்த்துட்டு ரொம்பக் கேவலமா எழுதினார். ஊரை உண்மையில எழுப்பினது இலினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே. 1851-ல அனுமதி, 1856-ல முடிச்சாங்க, 705 மைல், அந்தக் காலத்துல உலகத்துலயே நீளமான ரயில் பாதை. அது இங்க வந்து ஆத்தோட முடிஞ்சுது. ரயில்ல வந்த சரக்கு படகுக்கு மாறணும், படகுல வந்தது ரயிலுக்கு மாறணும், ரயில் பெட்டியவே படகுல ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போனாங்க. மாத்துற வேலைதான் ஊருக்குச் சோறு.

1889-ல ஒஹாயோ மேல ரயில் பாலம் வந்துச்சு, உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்ச பாலம், ரெண்டு பக்கத்து ஏத்தமும் சேர்த்தா நாலு மைல் கிட்ட. ஊரே கொண்டாடுச்சு. ஆனா பாலம் வந்ததுக்கப்புறம் ரயில் ஏன் நிக்கணும்? 1905-ல வடக்க தீப்ஸ்ல இன்னொரு ரயில் பாலம், கொஞ்சம் சரக்கு அந்தப் பக்கம் போச்சு. 1929-ல மிசிசிப்பி மேல ரோட்டுப் பாலம், 1938 வாக்குல ஒஹாயோ மேல ரோட்டுப் பாலம், படகுத்துறை வேலையும் போச்சு. கடைசியா 1978-ல இன்டர்ஸ்டேட் பாலம் ஊருக்கு வெளிய மேல்பக்கமா தாண்டிடுச்சு, ஹைவேல போறவன் பெட்ரோலுக்கும் காபிக்கும்கூட ஊருக்குள்ள வர வேண்டாம்.

சனத்தொகை பாருங்க. உச்சம் 1920-ல, 15,203. 1960-ல 9,348. அதாவது நீங்க அறுபதுகள் கலவரத்துக்கு வரதுக்கு முன்னாடியே ஊர் சரிய ஆரம்பிச்சாச்சு. ஆத்தோர ஊர் எத்தனையோ இப்படித்தான் போச்சு, எல்லா இடத்துலயும் இனப் பிரச்சனையா காரணம்?

மெம்ஃபிஸ் மீனாட்சி:

ரவி தம்பி, உங்க கணக்கையே எடுத்துக்கிறேன். 1920-ல இருந்து 1960 வரைக்கும் நாப்பது வருஷத்துல போனது ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் வாக்குல. அடுத்த பத்தே வருஷத்துல, 1970 கணக்குல 6,277. பத்து வருஷத்துல மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. அந்தப் பத்து வருஷத்துல புதுசா எந்தப் பாலமும் வரல.

என்ன நடந்துச்சுன்னா, 1962-ல ஊர் நீச்சல்குளம் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். கருப்பினப் பிள்ளைங்க வெயில்ல ஆத்துல குளிச்சு மூழ்கிச் செத்திருக்காங்க. மாணவர் அகிம்சை இயக்கத்துல இருந்து வந்து போராடினாங்க, பின்னாடி அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரான ஜான் லூயிஸ் அப்போ 22 வயசுப் பையன், அந்தக் குளத்துக்கு வெளிய முழங்கால் போட்டுப் பிரார்த்தனை பண்ற போட்டோ இருக்கு, பக்கத்துல சின்னப் பிள்ளைங்க. அந்தப் போட்டோவை நான் பல தடவை பார்த்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைங்க முகத்துலதான் கண்ணு நிக்கும். கடைசில சேர்ந்து குளிக்கிறதைவிடக் குளமே வேண்டாம்னு மூடி, உள்ள கான்கிரீட் ஊத்திட்டாங்க.

1967 ஜூலைல ராபர்ட் ஹன்ட்னு 19 வயசு ராணுவ வீரன், லீவுல வந்தவன், ஊர் ஜெயில்ல தூக்குல தொங்கினான். தற்கொலைன்னு போலீஸ் சொன்னாங்க, கருப்பின சனங்க நம்பல. மூணு நாள் கலவரம், தேசியப் படை வந்துச்சு. அதுக்கப்புறம் வெள்ளைத் தொப்பிக்காரங்கன்னு ஒரு ஆயுதக் கூட்டம், ராத்திரி ரோந்து. பிரமிட் கோர்ட்ஸ்னு கருப்பினத்தவங்க இருந்த அரசுக் குடியிருப்பை நோக்கி ராத்திரில துப்பாக்கிச் சூடு, சனங்க பிள்ளைங்களைக் குளியல் தொட்டிக்குள்ள படுக்க வச்சாங்கன்னு அங்க இருந்தவங்க சொல்லிப் பதிவு ஆகியிருக்கு.

1969-ல பாதிரியார் சார்லஸ் கோயன் தலைமையில ஐக்கிய முன்னணி ஆரம்பிச்சாங்க. கோரிக்கை ரொம்பச் சாதாரணம், நாங்க சாமான் வாங்குற கடையில எங்க பிள்ளைங்களுக்கும் வேலை கொடுங்க. கொடுக்கல. கடைக்குப் போறதை நிறுத்தினாங்க, வருஷக்கணக்கா. கடைக்காரங்க கருப்பினத்தவங்களை வேலைக்கு வைக்கிறதுக்குப் பதிலா கடையை மூடிட்டுப் போனாங்க. ஆத்தோரத்தான் பார்த்த அந்தக் கமர்ஷியல் அவென்யூ காலி மனை பல இப்படி வந்ததுதான்.

சரக்கு ரவி:

அக்கா, அந்தப் பத்து வருஷக் கணக்கு நான் யோசிக்காதது, ஒத்துக்கிறேன். இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்ப்போம்னு பக்கத்து ஊர் ரெண்டை எடுத்தேன். ஒஹாயோல மேல போனா கென்டக்கி படூக்கா, 2020-ல 27,000 பேர். மிசிசிப்பில மேல போனா மிசௌரி கேப் ஜிரார்டோ, 39,500. ரெண்டும் ஆத்தோர ஊர், ரெண்டும் நல்லா இருக்கு. ஏன்? படூக்கால 1952-ல இருந்து யுரேனியம் செறிவூட்டுற ஆலை இருந்துச்சு, 2013 வரைக்கும் ஓடுச்சு. கேப்ல யுனிவர்சிட்டி, ஆஸ்பத்திரி. கேரோவுக்கு அப்படி மாத்து வேலை எதுவும் வரல. அது மட்டுமில்ல, கரை வளையத்துக்குள்ள ஊர் விரிய இடமும் இல்ல, பெரிய ஆலைக்காரன் இடம் தேடினா எங்க கொடுப்பாங்க?

மெம்ஃபிஸ் மீனாட்சி:

மாத்து வேலை ஏன் வரலங்கிறதுதான் தம்பி என் கேள்வியே. ராத்திரி துப்பாக்கிச் சத்தம் கேட்கிற ஊருக்கு எந்தக் கம்பெனிக்காரன் பணத்தைக் கொண்டு வருவான்? இடம் பத்தலங்கிறது நியாயமான விஷயம், அதை நான் கணக்குல எடுத்துக்கல, வச்சுக்கிறேன்.

அணைக்கட்டு:

இடம் விஷயம் உண்மைதான். தெக்க முனை, கிழக்க மேக்க ஆறு, விரியணும்னா வடக்க ஒரே வழி, அங்கயும் புதுக் கரை போட்டாத்தான் உண்டு. அந்தச் செலவை எல்லாம் ஆயிரத்துச் சொச்சம் பேர் வரிப்பணத்துல தாங்க முடியாது. கரையைப் பராமரிக்கிறதே பெரும்பாடு, கரையோட நீளம் சனம் குறைஞ்சா குறையாது இல்லையா, 15,000 பேருக்குக் கட்டின சுவரை இப்போ 1,733 பேர் வச்சுக் காக்கணும். 2020 கணக்கு அவ்வளவுதான்.

கார்பன்டேல் குமார்:

நான் அங்க இருந்தப்ப கேட்ட ஒரு விஷயம் இங்க சேர்க்கிறேன். தெக்க மிசிசிப்பி மாநிலத்துல இருந்து சிகாகோ போற ரயில்ல கருப்பினத்தவங்க தனிப் பெட்டிலதான் உட்காரணும், ரயில் கேரோ வந்ததும் அந்தப் பிரிவினை முடியும், எழுந்து எந்தப் பெட்டிக்கும் போகலாம். வடக்கு நோக்கிப் போன லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு கேரோங்கிறது அந்த இடம், மூச்சு விடுற இடம். திரும்பி வரும்போது மறுபடி இங்கதான் மாறி உட்காரணும். ரயில்ல போறவனுக்குச் சுதந்திரத்தோட வாசல், ஊருக்குள்ள இருக்கிறவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. எனக்கு இதை நினைச்சாலே நெஞ்சு கனக்கும்.

தென்றல்_87:

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும், இழையை முழுசா படிச்சேன், அருமை. ஆனா ஒண்ணு கேட்கணும், வீடியோல எல்லாம் பேய் ஊர், போனா ஆபத்துன்னு போடுறாங்களே, குடும்பத்தோட போகலாமா?

மெம்ஃபிஸ் மீனாட்சி:

தாராளமா போங்க. பேய் ஊர்னு சொல்றதுதான் எனக்குக் கோவம் வரவைக்கிற வார்த்தை. அங்க ஆயிரத்து எழுநூறு பேர் வாழ்றாங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்க. இடிஞ்ச சுவரை மட்டும் படம் எடுத்துப் போடுறவங்க பக்கத்துத் தெருவுல வாசல்ல உட்கார்ந்திருக்கிற பாட்டியை எடுக்க மாட்டாங்க.

அவங்க படுறதும் கொஞ்சம் இல்ல. ஆஸ்பத்திரியை 1980-கள்லயே மூடியாச்சு. 2015-ல ஊர்ல இருந்த மளிகைக்கடையும் போச்சு, அதுக்கப்புறம் மளிகைச் சாமான் வாங்க ஆறு தாண்டி இன்னொரு மாநிலம் போக வேண்டியிருந்துச்சு, கார் இல்லாத வயசானவங்க நிலைமையை யோசிங்க. 2017-ல எல்ம்வுட், மெக்ப்ரைடுன்னு ரெண்டு அரசுக் குடியிருப்பு வாழவே லாயக்கில்லாம போயிடுச்சுன்னு வீட்டு வசதித் துறை மூட முடிவு பண்ணுச்சு. எலி, பூச்சி, ஒழுகல், ஹீட்டர் கிடையாது, வருஷக்கணக்கா யாரும் கவனிக்கல. 400 பேர் வாக்குல, பாதிக்கு மேல குழந்தைங்க, ஊர்ல மாத்து வீடு கிடையாது, கிளம்புங்கன்னுட்டாங்க. இந்த ஊர் மேல கடைசியா விழுந்த பெரிய அடி அது. வெள்ளத்துல போகாதவங்க இதுல போனாங்க.

சரக்கு ரவி:

அதைப் படிச்சதும் என் கேப் ஜிரார்டோ கணக்கு எல்லாம் சின்னதாத் தெரியுது அக்கா. ஆனா ஒரு நல்ல சேதியும் இருக்கு. 2020-ல இலினாய்ஸ் அரசாங்கம் கேரோல ஆத்துத் துறைமுகம் கட்ட 40 மில்லியன் டாலர் ஒதுக்குச்சு. ரெண்டு ஆறு, பக்கத்துலயே ரயில், இன்டர்ஸ்டேட். குளிர்காலத்துல மேல் மிசிசிப்பி உறையும்போதும் இங்கிருந்து தெக்க தண்ணி ஓடும், நடுவுல படகை ஏத்தி இறக்குற லாக்கும் கிடையாது, நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் சரக்குப் படகு தடையில்லாமப் போகலாம். இருப்பிடம் அன்னிக்கு எவ்வளவு நல்லதோ இன்னிக்கும் அவ்வளவு நல்லது. துறைமுகம் வந்து ஊர்க்காரங்களுக்கு வேலை கிடைச்சா ரொம்பச் சந்தோஷப்படுவேன், வெளியூர்ல இருந்து ஆள் கொண்டு வராம இருக்கணும்.

ஆத்தோரத்தான்:

இழை போட்டுட்டு ரெண்டு வாரம் பேச்சு மூச்சு இல்லாம இருந்ததுக்கு மன்னிக்கணும். எல்லாத்தையும் படிச்சேன், சிலதை ரெண்டு தடவை. வெள்ளம்தான் காரணம்னு நான் நினைச்சது எவ்வளவு தப்புன்னு புரிஞ்சுது, ரவி சொன்னதுலயும் பாதி நியாயம் இருக்கு, இருந்தாலும் எனக்கு மீனாட்சி அக்கா பக்கம்தான் மனசு நிக்குது.

திரும்பி வரும்போது மறுபடி கேரோல இறங்கினேன், இந்தத் தடவை என் பொண்ணும் கூட. முன்னாடி பார்க்காம விட்டதை எல்லாம் பார்த்தோம். மேக்னோலியா மேனர், 1872-ல முடிச்ச வீடு, மாவு வியாபாரி கேலிகர் கட்டினது, பிரசிடென்ட் பதவி முடிஞ்ச பிறகு 1880-ல கிராண்ட் வந்து தங்கின இடம். பழைய கஸ்டம் ஹவுஸ். அப்புறம் எட்டாம் தெருவும் கமர்ஷியல் அவென்யூவும் சேர்ற இடம், 1909-ல அந்த வளைவு இருந்தது அங்கதான். ஒண்ணுமே இல்ல, புல்லு. பொண்ணு ஏன்ப்பா இங்க நிக்கிறோம்னு கேட்டா, வில் ஜேம்ஸ் பேரைச் சொன்னேன், ஐடா வெல்ஸ் பேரையும் சொன்னேன்.

வாஷிங்டன் அவென்யூல ரைஸ் கம்யூனிட்டி மார்க்கெட்னு பலகை பார்த்தேன், ஊர்க்காரங்களே பங்கு போட்டு 2023-ல திறந்த மளிகைக்கடைன்னு பிறகுதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

தென்றல்_87:

அண்ணே நாங்க அடுத்த மாசம் போறோம். அந்த ரெண்டு நிறம் எங்க நின்னா நல்லாத் தெரியும்?

ஆத்தோரத்தான்:

ஊரைத் தாண்டி தெக்க டிஃபையன்ஸ் கோட்டை பார்க்குக்குப் போங்க. படகுக்காரங்க நினைவா கப்பல் மேல்தளம் மாதிரி கான்கிரீட்ல மாடி கட்டியிருக்காங்க, அதுல மேல ஏறித் தெக்கப் பார்த்து நில்லுங்க, இடது பக்கம் ஒஹாயோ, வலது பக்கம் மிசிசிப்பி. கிளம்புறதுக்கு முந்தின நாள் கேரோ கேஜ் பார்த்துக்குங்க, 40 அடி வெள்ள அளவு, ஆறு ஏறியிருந்தா பார்க் தண்ணிக்குள்ள இருக்கும், கேட்டைப் பூட்டிடுவாங்க. கொசு மருந்து எடுத்துட்டுப் போங்க.